ஒரு மீட்டர் உயரமும் ஆறு கோணங்களும்

2024 அக்டோபர் 1 அன்று அதிகாலையில், இந்தி நடிகர் கோவிந்தா உரிமம் பெற்று வைத்திருந்த தம் ரிவால்வரை அலமாரியில் வைக்கப் போனபோது அது கைதவறி விழுந்து வெடித்ததாகவும், குண்டு அவருடைய இடது காலில் முழங்காலுக்குக் கீழே பாய்ந்ததாகவும் மும்பையிலிருந்து செய்தி வந்தது. அன்று மதிய உணவு வேளையில் எங்கள் மேசையில் அதைத் தவிர வேறு பேச்சில்லை. விசையை (டிரிகரை) அழுத்தாமல் துப்பாக்கி எப்படி வெடிக்கும், இதில் வேறு ஏதோ இருக்கிறது என்பதே பெரும்பாலோர் கருத்தாக இருந்தது. அந்த ஒரு நிகழ்ச்சியைத் துருவுவது போலீசாரின் வேலை. ஆனால் விசையைத் தொடாமலே துப்பாக்கி வெடிக்குமா என்ற பொதுக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான்: வெடிக்கும். அப்படி வெடித்த வரலாறு ஒன்றரை நூற்றாண்டு நீளமானது.

நான் துப்பாக்கிக்காரன் அல்லன், என்.சி.சி. முகாமில் ஒரு முறை தொட்டதோடு சரி. பதினொரு ஆண்டுகள் வீட்டு உபயோகப் பொருள்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். பெட்டியில் அடைத்த மிக்சியையும் கிரைண்டரையும் குறித்த உயரத்திலிருந்து வேண்டுமென்றே கீழே போட்டு, என்ன உடைகிறது என்று பார்த்து எழுதி வைப்பது என் வேலைகளில் ஒன்று. ஒரு மூலை, மூன்று விளிம்புகள், ஆறு முகங்கள் எனப் பெட்டிக்குப் பத்து வீழ்ச்சிகள். ஆறு முகங்களிலும் சரியாகத் தட்டையாக விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. மூலையில் விழும்போதுதான் உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். துப்பாக்கிகளின் வீழ்ச்சிச் சோதனையைப் பற்றி முதன்முதலில் படித்தபோது அந்தச் சத்தம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

முதலில் கொஞ்சம் கணக்கு. இடுப்புயரத்திலிருந்து, ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், விழும் பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு சுமார் 4.4 மீட்டர். சைக்கிள் மிதிப்பவரின் வேகம்தான் அது, பெரிதாகத் தோன்றாது. ஆனால் எஃகால் ஆன ஒரு பொருள் கான்கிரீட் தரையில் மோதினால் ஒரு மில்லிமீட்டர் தூரத்துக்குள்ளேயே நின்றுவிடக்கூடும். ஒரு மீட்டரில் சேர்த்த வேகம் முழுவதையும் ஒரு மில்லிமீட்டரில் இழக்க வேண்டுமானால், அந்தக் கணத்தில் அதன் மீது செயல்படும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஆயிரம் மடங்காகிறது. துப்பாக்கியின் உடல் நின்றுவிடும். ஆனால் உள்ளே அசையக்கூடிய பாகங்கள் எல்லாம் அதுவரை சென்ற திசையிலேயே செல்ல முயலும். பத்து கிராம் எடையுள்ள ஒரு விசை அந்த நொடித்துளியில் பத்து கிலோ பாரம்போல் இழுக்கும். விரல் செய்ய வேண்டிய வேலையை வீழ்ச்சியே செய்துவிடுவது இப்படித்தான்.

பழைய ரிவால்வர்களில் இவ்வளவு சிக்கல்கூடத் தேவைப்படவில்லை. 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட, கோல்ட் நிறுவனத்தின் ‘சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி’ ரிவால்வரில், சுத்தியலின் மூக்கிலேயே ஊசி இருந்தது. சுத்தியல் இறங்கிய நிலையில் அந்த ஊசி தோட்டாவின் பின்புறத்தில் உள்ள பிரைமர் மீது, அதாவது அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியின் மீது, நேராகப் படிந்திருக்கும். சுத்தியலைச் சற்றுப் பின்னால் தள்ளி நிறுத்திவைக்க ஒரு சிறு வெட்டுப்பல் உண்டு. பலமான அடி விழுந்தால் அது உடைந்துவிடும். எனவே ஆறு தோட்டாக்கள் கொள்ளும் உருளையில் ஐந்து மட்டுமே நிரப்பி, சுத்தியலுக்கு நேரே வெற்று அறையை வைத்துக்கொள்வது விவரம் தெரிந்தவர்களின் வழக்கமாக இருந்தது. விவரம் தெரிந்தவர்களும் சறுக்கியதுண்டு. 1876 ஜனவரியில் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில், பின்னாளில் பெரும் புகழ்பெற்ற வியாட் எர்ப் அப்போது சாதாரணக் காவலராக இருந்தார். ஒரு மதுக்கடையின் பின்னறையில் அவர் உட்கார்ந்திருந்தபோது ரிவால்வர் உறையிலிருந்து நழுவி விழுந்து, சுத்தியல் நாற்காலியில் பட்டு வெடித்தது. குண்டு அவருடைய கோட்டைத் துளைத்து, சுவரில் பட்டுத் திரும்பி, கூரை வழியே வெளியேறியது என்று அந்த வாரமே உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. அறையில் இருந்தவர்கள் கலைந்து ஓடினார்களாம்.

அடுத்த தலைமுறை ரிவால்வர்களில் சுத்தியலுக்கும் துப்பாக்கியின் உடற்சட்டத்துக்கும் இடையே ஒரு தடுப்புத் தகடு வந்தது. அதுவும் முழுக் காப்பாக அமையவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் லட்சக்கணக்கில் தயாரித்த ‘விக்டரி’ ரிவால்வர்களில் அந்தத் தகடு ஒரு வில்லின் (ஸ்பிரிங்கின்) அழுத்தத்தால் தன் இடத்துக்கு வர வேண்டும். துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய மசகு உறைந்துபோனால் தகடு வராமலே நின்றுவிடும். 1944-இல் ஒரு போர்க்கப்பலின் எஃகுத் தளத்தில் அத்தகைய ரிவால்வர் ஒன்று விழுந்து வெடித்ததில் ஒரு மாலுமி உயிரிழந்தார். அரசு கடுமையாக எச்சரித்ததும், வில்லை நம்பாமல், விசையின் இயக்கத்தோடு நேரடியாகப் பிணைந்து நகரும் புதிய தடுப்பை நிறுவனம் விரைவில் வடிவமைத்தது. அதன்பின் வந்த ரிவால்வர்களின் வரிசை எண்ணில் ‘வி’ எழுத்துக்கு முன் ‘எஸ்’ என்ற எழுத்தும் சேர்ந்தது. ஓர் உயிருக்கு ஈடாக வந்த எழுத்து அது.

சுழலும் உருளை இல்லாத பிஸ்டல்களின் கதை வேறு. 1911-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற கோல்ட் பிஸ்டலில் சுத்தியலுக்கும் பிரைமருக்கும் நடுவே தனியாக ஓர் ஊசி, மெல்லிய வில் ஒன்றின் பிடியில் கிடக்கிறது. பிஸ்டல் குழல்வாய் கீழாகப் போதிய உயரத்திலிருந்து விழுந்தால், உடல் நின்றபின்பும் ஊசி மட்டும் முன்னேறிச் சென்று பிரைமரைக் குத்திவிடலாம். 1983-இல் அந்நிறுவனம் கொண்டுவந்த ‘சீரிஸ் 80’ மாடலில், விசை பின்னுக்கு வந்தால் ஒழிய ஊசியை நகரவிடாத ஒரு குறுக்குத் தடை சேர்ந்தது. இதை வரவேற்றிருப்பார்கள் என்று நினைப்போம். ஆனால் விசையின் ‘சுகம்’ போய்விட்டது என்று புலம்பிய ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். எங்கள் தொழிற்சாலையிலும் மிக்சி மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மோட்டார் ஓடாதபடி ஒரு தடை வைத்தபோது, முதலில் வந்த புகார்கள் எல்லாம் அந்தத் தடையைப் பற்றியவைதாம்.

நான் அதிகம் படித்தது சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டலைப் பற்றி. 2014-இல் சந்தைக்கு வந்த இது, 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவத்தின் புதிய கைத்துப்பாக்கியாகத் தேர்வானது. ஒப்பந்தத்தின் உச்ச மதிப்பு 58 கோடி டாலர். அதே 2017 ஜனவரியில் கனெக்டிகட் மாநிலத்து ஸ்டாம்ஃபோர்டு நகரக் காவலர் ஒருவரின் பி320, உறையோடு சேர்த்துத் தரையில் விழுந்து வெடித்து, அவர் காலில் குண்டு பாய்ந்ததாக ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் வழக்குத் தொடரப்பட்டது. டாலஸ் நகரக் காவல்துறை அந்த பிஸ்டலின் பயன்பாட்டை நிறுத்திவைத்தது. அந்த நாள்களில் ஒரு துப்பாக்கிக் கடையினர் தாங்களே அதைப் பல கோணங்களில் கீழே போட்டுப் படம்பிடித்து இணையத்தில் வெளியிட்டார்கள். குழல் சற்று மேல்நோக்கியிருக்க, மேற்பகுதியின் பின்முனை சுமார் முப்பது பாகை சாய்வில் தரையில் மோதினால் பிரைமர் வெடிக்கிறது என்பது அதில் திரும்பத் திரும்பத் தெரிந்தது.

காரணம், மேலே சொன்ன கணக்கேதான். அந்தக் கோணத்தில் துப்பாக்கி பின்பக்கமாகச் சென்று மோதுகிறது, உடல் நிற்கிறது, கனமான விசை மட்டும் பின்னோக்கிச் செல்வதைத் தொடர்கிறது. விசை பின்னால் சென்றால் ஊசியின் தடையும் விலகும், ஊசியும் விடுபடும். உள்ளே இருந்த காப்பு உடைந்துபோகவில்லை, ஏமாற்றப்பட்டது; விரல் அழுத்தியதற்கும் வீழ்ச்சி அழுத்தியதற்கும் அதற்கு வேறுபாடு தெரியாது. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற குளோக் பிஸ்டலில் விசையின் நடுவே ஒரு சிறு நாக்கு இருப்பதைப் பலர் படத்தில் பார்த்திருக்கலாம். அந்த நாக்கின் மீது விரல் படாமல் விசை முழுதாக நகராது. பி320-இல் அது இல்லை.

2017 ஆகஸ்டு 8 அன்று நிறுவனம் இலவச மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. விசையையும் ஊசியையும் இன்னும் சில பாகங்களையும் எடை குறைந்தவையாக மாற்றித் தருவதாகச் சொன்னது. ‘திரும்பப் பெறுதல்’ என்ற சொல்லை அது கையாளவில்லை. துப்பாக்கி அமெரிக்கத் தரநிலைகள் அனைத்திலும் தேறியது என்றும், அத்தரநிலைகள் கோராத வகையில் விழும்போது மட்டுமே இது நேரலாம் என்றும் விளக்கியது. அந்த விளக்கம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அது உண்மை என்பதுதான் என்னை உறுத்துகிறது. 2018 ஜனவரியில் வெளியான அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனைப் பிரிவு அறிக்கையைப் பார்த்தால், ராணுவத்தின் வீழ்ச்சிச் சோதனையிலேயே ஊசி பிரைமரை அடித்ததும், ராணுவத்துக்கான பிஸ்டல்களில் விசைப் பாகங்கள் இலகுவாக்கப்பட்டதும் தெரிகிறது. கடையில் வாங்கிய பொதுமக்களும் நகரக் காவலர்களும் ஆகஸ்டு வரை பழைய விசையோடுதான் நடமாடினார்கள். விழாமலே வெடித்ததாகப் பிற்காலத்தில் இதே பிஸ்டல் மீது வந்த வழக்குகள் தனிக் கதை. நிறுவனம் அவற்றை மறுக்கிறது, நான் அதற்குள் போகவில்லை.

தரநிலை என்பது என்ன? அமெரிக்காவில் பொம்மைக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பாதுகாப்பு விதி வகுக்கும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரத்திலிருந்து 1972-இன் சட்டமே துப்பாக்கிகளை விலக்கிவிட்டது. பழுதுள்ள ஒரு துப்பாக்கியைத் திரும்பப் பெறும்படி அந்த ஆணையம் உத்தரவிட முடியாது. தொழில்துறைச் சங்கம் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட சோதனைகள் உண்டு; சில மாநிலங்களின் சட்டங்கள் உண்டு. கலிபோர்னியாவில் 2001 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, ஒரே மாடலின் மூன்று துப்பாக்கிகளை முதலில் 600 தோட்டாக்கள் வீதம் சுட்டுப் பார்த்து, பிறகு துப்பாக்கியின் தோட்டா அறையில் குண்டும் மருந்தும் இல்லாத, பிரைமர் மட்டும் பொருத்திய வெற்றுத் தோட்டாவை வைத்து, ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் பலகையின் மீது போடுகிறார்கள். சுடும் நிலை, தலைகீழ், கைப்பிடி, குழல்வாய், பக்கவாட்டு, சுத்தியல் அல்லது பின்கோடி என ஆறு நிலைகள். இந்தப் பட்டியலைப் படித்ததும் எனக்கு எங்கள் அட்டைப் பெட்டியின் ஆறு முகங்கள்தாம் தோன்றின. நல்ல சோதனை, பல மலிவுத் துப்பாக்கிகளை அது வடிகட்டியிருக்கும். ஆனால் நிலைக்கு நிலை இடையில் எத்தனை சாய்வுகள்! கார் கதவைத் திறந்து இறங்குபவரின் இடுப்பிலிருந்து நழுவும் பிஸ்டல் அந்த ஆறில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து விழ வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை.

இது ஒரு நிறுவனத்தின் குறை மட்டுமன்று. பிரேசில் நாட்டு டாரஸ் நிறுவனத்தின் பிஸ்டல் ஒன்று, 2013-இல் அயோவா மாநிலத்தில் ஒருவரைத் துரத்தி ஓடிய காவல் அதிகாரியின் உறையிலிருந்து விழுந்து வெடித்து, நிறுத்தியிருந்த ஒரு காரில் குண்டு பாய்ந்தது. அதிலிருந்து தொடங்கிய வழக்கில், குறையை ஒப்புக்கொள்ளாமலே அந்நிறுவனம் 2015-இல் சமரசத்துக்கு வந்தது. அதன் வரம்புக்குள் வந்தவை ஒன்பது மாடல்கள், ஏறத்தாழ ஒன்பதரை லட்சம் துப்பாக்கிகள்.

எங்கள் மேசையில் சந்தேகப்பட்ட நண்பர்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ‘விழுந்து வெடித்தது’ என்று சொல்லப்படுபவை எல்லாம் விழுந்து வெடித்தவை அல்ல. 2018 ஜூனில் டென்வர் நகரத்து மதுவிடுதி ஒன்றில், பணியில் இல்லாத எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் நடனமாடிக்கொண்டே பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்தார். இடுப்பிலிருந்த துப்பாக்கி தெறித்து விழுந்தது. விழுந்தபோது ஒன்றும் ஆகவில்லை. பதற்றத்தோடு அதை அள்ளி எடுத்தபோதுதான் வெடித்து, பக்கத்தில் நின்றவரின் காலில் பட்டது. விழும் டம்ளரைப் பிடிக்கக் கை தானாகவே நீளுவதுபோல விழும் துப்பாக்கிக்கும் நீளும். பற்றும் விரல்களில் ஒன்று விசைக்குள் நுழைந்துவிடும். அதனால்தான் நவீனத் துப்பாக்கி நழுவினால் பிடிக்காதே, விழவிடு என்று பயிற்சியாளர்கள் சொல்லித் தருகிறார்கள். உள்ளே காப்பு உள்ள துப்பாக்கிக்கு அது சரியான அறிவுரை. ஆனால் கையிலிருப்பது எந்தக் காலத்துத் துப்பாக்கி என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 1953 முதல் 1972 வரை செய்த ஒற்றைச் செயல் ரிவால்வர்கள், அதாவது ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் பின்னிழுத்துச் சுடுபவை, பழைய கோல்ட்டைப்போலவே ஆறாவது தோட்டா ஏற்றினால் ஆபத்தானவை. 1973-இல் அது வடிவத்தை மாற்றியது: விசை பின்னால் இருக்கும்போது மட்டும் மேலெழும் ஒரு தகடு இடையில் நின்று அடியைக் கடத்தினால்தான் ஊசிக்குச் சுத்தியலின் அடி போய்ச் சேரும். 1982 முதல், பழைய ரிவால்வர்களை அனுப்பிவைத்தால் இலவசமாகவே மாற்றித் தருகிறது. கழற்றிய பழைய பாகங்களையும் ஒரு பையில் போட்டுத் திருப்பி அனுப்புகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எல்லாரும் அனுப்பிவிடவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, கை வைக்கப்படாமல் இருக்கும் பழைய ரூகருக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் விலை கூடுதல்.