3.3 வோல்ட் ஒருவழியாகச் சொன்ன பேச்சைக் கேட்டது

மூன்று சேனல் புரோகிராமபிள் பவர் சப்ளையை வைத்து எஃப்பிஜிஏ (உள் சுற்றை நாமே புரோகிராம் செய்துகொள்ளும் சிப்) போர்டின் வோல்டேஜ்களை வரிசைப்படி ஏற்றி இறக்கும் வேலை கைகூடிவிட்டது. ஏற்றுவது சுலபம். 1.0 வோல்ட் (சிப்பின் மையமான கோருக்கு), 1.8 (துணைச் சுற்றுகளான ஆக்ஸிலரிக்கு), 3.3 (வெளியே இணையும் ஐ/ஓ பின்களுக்கு) என்ற வரிசையில் சேனல்களுக்கு ஆன் டிலே (ஆன் ஆகுமுன் காத்திருக்கும் நேரம்) கொடுத்தேன், ஸ்கோப்பில் மூன்று படிகளும் அழகாக வந்தன. படுத்தி எடுத்தது இறக்கம்தான்.

போர்டில் இருக்கும் ஸைலிங்ஸ் 7 சீரிஸ் சிப்புக்கு அணைக்கும் வரிசை ஏற்றும் வரிசையின் தலைகீழ். 3.3 வோல்ட் ஐ/ஓ பேங்க் (பின்களின் தொகுதி) இருந்தால் கூடுதலாக ஒரு நிபந்தனை: ஐ/ஓ சப்ளை, 1.8 வோல்ட் ஆக்ஸிலரியை விட 2.625 வோல்ட்டுக்கு மேல் உயர்ந்து நிற்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு. அதனால் 3.3 முதலில் விழ வேண்டும். முதலில் அதைத்தான் அணைக்கச் சொல்லியிருந்தேன். ஆனால் 1.8 பூஜ்யத்துக்கு வந்த பிறகும் 3.3 மெல்ல மெல்லச் சரிந்துகொண்டிருந்தது.

சப்ளை ஆஃப் ஆனால் கரண்ட் தள்ளுவதை நிறுத்துகிறதே தவிர, இருக்கும் சார்ஜை இழுத்துக்கொள்வதில்லை. சப்ளையின் அவுட்புட் கெப்பாசிட்டரும் போர்டில் உள்ளவையும் சேர்ந்து கிட்டத்தட்ட 1000 மைக்ரோஃபாரட். கிளாக் நின்றபின் லோடு 5 மில்லிஆம்பியர்தான். அந்தக் கணக்கில் வினாடிக்கு 5 வோல்ட் வேகத்தில்தான் இறங்கும்; முழுதாக வடிய 0.66 வினாடி. ஆஃப் செய்வதற்கு முன் 0 வோல்ட் செட் செய்தும் பார்த்தேன். கொஞ்சம் வேகம் கூடியது, போதவில்லை.

தீர்வு 33 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று, 3.3 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே. டைம் கான்ஸ்டன்ட் (வோல்டேஜ் சுமார் 37 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம்) 33 மில்லிசெகண்ட். 1.8-க்கு 100 மில்லிசெகண்ட் ஆஃப் டிலே வைத்தால் அதற்குள் 3.3 சுமார் 0.16 வோல்ட்டுக்கு வந்துவிடுகிறது. ஸ்கோப்பில் அந்த வளைவைப் பார்த்தபோது அப்படி ஒரு நிம்மதி!

புதிதாக சப்ளை வாங்குபவர்கள் ரெசல்யூஷன், டிஸ்ப்ளே எல்லாம் பார்ப்பதற்கு முன், லோடு இல்லாதபோது வோல்டேஜ் இறங்க எவ்வளவு நேரம் என்று டேட்டாஷீட்டில் தேடுங்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அப்புறம், 1.0 சேனலுக்கு ரிமோட் சென்ஸ் (தனி ஒயர்களால் போர்டிலேயே வோல்டேஜை அளந்து சப்ளை சரிசெய்துகொள்வது) கட்டாயம். 18 கேஜ் ஒயர் மீட்டருக்கு 21 மில்லிஓம். ஒரு மீட்டர் ஒயரில் போக வர 42, 1.5 ஆம்பியரில் 63 மில்லிவோல்ட் ஒயரிலேயே போய்விடும். கோருக்கு அனுமதிக்கப்பட்ட விலகல் 50 மில்லிவோல்ட்தான். சென்ஸ் ஒயர்களை முறுக்கி, போர்டு டெர்மினலிலேயே இணைத்திருக்கிறேன்.

ரெசிஸ்டர் நிரந்தரமாக 100 மில்லிஆம்பியர் குடிப்பதால் 3.3 சேனலின் கரண்ட் ரீடிங் கெடுகிறது. அடுத்து அதை ஒரு என்-சேனல் மாஸ்ஃபெட் (சுவிட்சாகப் பயன்படும் டிரான்சிஸ்டர்) வழியாக, அணைக்கும்போது மட்டும் இணைக்கப் போகிறேன். அது முடியுமுன்பே பைத்தானில் மார்ஜின் டெஸ்ட் ஸ்கிரிப்டையும் எழுதத் தொடங்கிவிட்டேன்: கோரை 0.95-லிருந்து 1.05 வரை 10 மில்லிவோல்ட்டாக நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் கரண்டைப் பதிவு செய்ய.