அலுமினியத் தகட்டில் மூன்று நட்சத்திரங்கள்: சிறிய சிஎன்சி எந்திரத்தில் முறுக்கு அச்சு வில்லை செய்த அனுபவம்

அம்மாவின் பித்தளை முறுக்கு அச்சில் முள்ளு முறுக்குக்கான நட்சத்திர வில்லை இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொலைந்துபோனது. கடைகளில் கிடைக்கும் வில்லைகள் எதுவும் அந்தப் பழைய அச்சுக்குப் பொருந்தவில்லை. வெர்னியர் வைத்து அளந்தபோது அதன் உள்விட்டம் 52.4 மி.மீ. என்று தெரிந்தது. வீட்டில் 3018 வகைச் சிறிய சிஎன்சி எந்திரம், அதாவது கணினிக் கட்டளைப்படி நகர்ந்து வெட்டும் எந்திரம், ஒன்று இருந்தும், அதுவரை அதில் மரப்பலகையில் பெயர் பொறிப்பதைத் தவிர நான் வேறெதுவும் செய்ததில்லை. ஆகவே 52 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. கனமும் கொண்ட ஒரு வில்லையில் மூன்று நட்சத்திரத் துளைகள் என்று வரைந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையோடு தொடங்கினேன். ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. சுழன்று வெட்டும் பற்கள் கொண்ட நான்கு கட்டர்கள் உடைந்தன.

எந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 3018 என்பது 300க்கு 180 மி.மீ. மேசை அளவைக் குறிக்கிறது. ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறிய கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கும் அதே வகை மைக்ரோசிப்பில், எந்திரத்தை நகர்த்தும் ஜிஆர்பிஎல் என்னும் இலவச மென்பொருள் ஓடுகிறது. கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் என்று விற்கப்படுவது உண்மையில் 775 வகை நேர்மின் மோட்டார்தான். சுமையில்லாதபோது நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகரும் திருகுத்தண்டும், சுற்றுக்கு 200 படி கொண்ட மோட்டாரும், பதினாறில் ஒரு பங்கு நுண்படியும் சேர்ந்து மில்லிமீட்டருக்கு 800 படி என்ற கணக்கைத் தருகின்றன. காகிதத்தில் இது பெரிய துல்லியம். ஆனால் சட்டகத்தைக் கையால் அழுத்தினாலே அது வளைவது கண்ணுக்குத் தெரியும். இந்த எந்திரத்தில் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் அந்த வளைவுதான் எல்லை.

முதலில் பித்தளையைத்தான் நினைத்தேன். எளிதாக வெட்டப்பட வேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் பித்தளையில் ஏறத்தாழ 3 விழுக்காடு ஈயம் கலந்திருக்கும் என்பதால், மாவு படும் பொருளுக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அடுத்து, ஹார்டுவேர் கடையில் வெட்டித் தரும் சாதாரண அலுமினியத் தகட்டை வாங்கினேன். அது தவறான தேர்வு என்பது பிறகுதான் புரிந்தது. அத்தகைய தகடுகள் பெரும்பாலும் கலப்பில்லாத மென்மையான அலுமினியம். கட்டருக்கு அடியில் அது வெட்டுப்படாமல் பிசைந்துகொண்டு ஒட்டும்.

முதல் சோதனையில் 3.175 மி.மீ. விட்டமுள்ள இரட்டைப் பல் கட்டரைப் போட்டேன். மரத்துக்கு 600 வைத்துப் பழகியவன், உலோகம் என்ற பயத்தில் ஃபீடை, அதாவது கட்டர் நகரும் வேகத்தை, நிமிடத்துக்கு 60 மி.மீ. என்று குறைத்தேன். எந்திரம் கிறீச்சிட்டது. வெட்டிலிருந்து வெளியே வந்தது சில்லுகள் அல்ல, திருநீறு போன்ற சாம்பல் நிறத் தூள். இரண்டு நிமிடங்களில் கட்டரின் பள்ளங்கள் இரண்டிலும் அலுமினியம் உருகி அப்பிக்கொண்டு, கட்டர் ஒரு வழவழப்பான கம்பியாக மாறி, அடுத்த திருப்பத்தில் ஒடிந்தது.

ஒடிந்த துண்டை எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். அவர் துண்டைப் பார்க்கவில்லை. காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்த தூளை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.

“எவ்வளவு ஃபீடு கொடுத்தீங்க?”

“அறுபதுங்கண்ணா. உடைஞ்சிடும்னு பயந்துதான் குறைச்சேன்.”

“பயந்ததாலதான் உடைஞ்சுது தம்பி. இது வெட்டுனது இல்லீங்க, தேய்ச்சது.”

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோது அவர் சொன்னது எண்ணாகவே வெளிப்பட்டது. ஃபீடைச் சுற்றுகளாலும் பற்களின் எண்ணிக்கையாலும் வகுத்தால், ஒவ்வொரு பல்லும் எடுக்கும் சில்லின் கனம் கிடைக்கும். 60ஐ 20,000ஆல் வகுத்தால் 0.003 மி.மீ., அதாவது மூன்று மைக்ரான். மலிவான கட்டரின் கூர்முனையே சில மைக்ரான் அளவுக்கு மழுங்கலாக இருக்கும்போது, அதைவிட மெல்லிய சில்லை அதனால் சீவ முடியாது. உலோகத்தின் மேல் அழுத்திச் சறுக்கத்தான் முடியும். சறுக்கினால் சூடு, சூடேறினால் ஒட்டல், ஒட்டினால் முறிவு. இந்த எந்திரத்தின் பலவீனத்துக்கு ஈடுகொடுக்க ஃபீடைக் குறைக்கக் கூடாது, ஆழத்தைத்தான் குறைக்க வேண்டும் என்பதை நான் ஒரு கட்டரின் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

பழைய இரும்புக் கடையில் எடைக்கு விற்கும் வெட்டுத் துண்டுகளில் 6061 என்று முத்திரையிட்ட 3 மி.மீ. தகடு கிடைத்தது. இது வெப்பப் பதப்படுத்திய கலப்பு அலுமினியம். உடைந்து விழும் சில்லுகளைத் தரும். கட்டரையும் மாற்றினேன். ஒற்றைப் பல் கட்டரில் சில்லு வெளியேறும் பள்ளம் அகலமானது. மேலும், சுற்றுகளை நம்பிக் குறைக்க முடியாத எந்திரத்தில் ஃபீடை எட்டக்கூடிய அளவில் வைத்துக்கொண்டே சில்லின் கனத்தைக் காப்பாற்ற ஒரு பல் குறைவது பேருதவி. கடைக்காரர் பொன்னிறப் பூச்சுள்ள கட்டரைப் பரிந்துரைத்தால் எந்தப் பூச்சு என்று கேட்டுக்கொள்வது நல்லது. எஃகு வெட்டுவதற்கான அலுமினியம் கலந்த பூச்சுகள் அலுமினியத்தை ஒட்டவைக்கும் இயல்புள்ளவை என்பதால், பூச்சில்லாத பளபளப்பான கட்டரே இந்த வேலைக்குப் போதும்.

புதிய கணக்கு இது: 10,000 சுற்று, ஒரு பல், 0.025 மி.மீ. சில்லு, ஆகவே ஃபீட் 250. பாதையை ஒவ்வொரு முறை வலம்வரும்போதும் இறங்கும் ஆழம் வெறும் 0.2 மி.மீ. வெட்டும் இடத்தில் தூரிகையால் ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய். ஸ்பிரிட் தடவுவோரும் உண்டு. ஆனால் 775 மோட்டாரின் பிரஷ்களில் தீப்பொறி பறப்பதைக் காற்றுத்துளை வழியே நானே பார்த்திருப்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த முறை கிறீச்சொலி இல்லை. சீரான ஒரு முனகல் மட்டுமே கேட்டது. தகட்டின் மேல் ரவை போன்ற பளிச்சென்ற சில்லுகள் குவிந்தன. கண்ணாடி அணியாமல் அருகே குனிந்து பார்த்ததால் அவற்றில் ஒன்று கன்னத்தில் பட்டது. அன்றிலிருந்து கண்ணாடியை எந்திரத்தின் மின்பொத்தானிலேயே மாட்டி வைத்திருக்கிறேன்.

வெளிவட்டத்துக்கு இது போதும், நட்சத்திரத்துக்குப் போதாது. துளையின் உள்மூலைகளில் கட்டரின் ஆரம் அப்படியே பதியும் என்பதால், 3.175 மி.மீ. கட்டரில் முள்ளு முறுக்கின் முள் வராது, பூ இதழ்தான் வரும். 1 மி.மீ. கட்டரைப் போட்டால் மூலையின் ஆரம் 0.5 மி.மீ. ஆகிறது. ஆனால் அந்தக் கட்டரின் வளைவு வேறு கணக்கு. ஒரு முனை பிடிக்கப்பட்ட கம்பியின் வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். விட்டத்தின் நான்மடிக்கு ஏற்ப இறங்கும். அதன்படி, ஒரே நீளமும் ஒரே விசையும் இருந்தால் 1 மி.மீ. கட்டர் 3.175 மி.மீ. கட்டரைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வளையும். அதன் வெட்டும் பகுதியின் நீளமோ 3 மி.மீ. மட்டுமே, தகட்டின் கனமும் அதேதான்.

இதற்கு வழி வரைபடத்திலேயே இருந்தது. ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றி, மாவு இருக்கும் பக்கத்தில், 13 மி.மீ. விட்டத்தில் 1.5 மி.மீ. ஆழமுள்ள வட்டக் குழி ஒன்றைப் பெரிய கட்டரால் எடுத்துவிட்டால், சிறிய கட்டர் வெட்ட வேண்டியது மீதி 1.5 மி.மீ. மட்டுமே. முதலில் குழியை 10 மி.மீ. என்று வரைந்திருந்தேன். நட்சத்திர முனை மையத்திலிருந்து 4.5 மி.மீ. தொலைவில் இருப்பதால் கட்டரின் மையம் 4 மி.மீ. வரை போகும், கட்டரின் தண்டோ 3.175 மி.மீ. தடிமன், ஆகவே தண்டு 5.6 மி.மீ. வரை எட்டிக் குழியின் சுவரில் மோதியிருக்கும். கட்டரின் நுனியை மட்டும் பார்த்து வரைகிறவர்கள் தண்டை மறந்துவிடுவது எளிது. நட்சத்திரத்தின் நடுப்பகுதியையும் பெரிய கட்டராலேயே திருகுப்பாதையில் இறக்கி எடுத்துவிட்டு, முனைகளை மட்டும் சிறிய கட்டருக்கு விட்டேன்.

1 மி.மீ. கட்டரும் இரட்டைப் பல்லாகத்தான் முதலில் வாங்கியிருந்தேன். டயல் கேஜ் வைத்துக் கட்டரைக் கையால் சுழற்றிப் பார்த்தபோது ரன்அவுட், அதாவது மையம் விலகிச் சுழலும் அளவு, 0.03 மி.மீ. இருந்தது. நான் திட்டமிட்ட சில்லின் கனம் 0.01 மி.மீ. அப்படியானால் ஒரு பல் மட்டுமே வெட்டுகிறது, இன்னொன்று உலோகத்தைத் தொடுவதே இல்லை. வெட்டும் பல்லின் மேல் இரட்டைச் சுமை. இரண்டாவது கட்டர் உடைந்ததன் காரணம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கட்டரைக் கவ்விப் பிடிக்கும் இஆர்11 கோலெட்டையும் அதன் கூம்பையும் துணியால் துடைத்து, கோலெட்டை முதலில் நட்டுக்குள் சொடுக்கிப் பொருத்திய பிறகு ஸ்பிண்டிலில் ஏற்றியபோது ரன்அவுட் 0.015க்கு இறங்கியது. பிறகு ஒற்றைப் பல்லுக்கு மாறி, ஃபீட் 100, ஆழம் 0.1 என்று வைத்தேன்.

ஆழம் 0.1 என்றால், கட்டரின் நுனி தகட்டைத் தொடும் உயரத்தைப் பூச்சியமாகக் குறிக்கும் ஜீரோ எடுப்பதிலும் அதே கவனம் வேண்டும். சாதாரண ஏ4 தாளின் கனமே ஏறத்தாழ 0.1 மி.மீ.; தாளை நகர்த்திப் பார்த்து ஜீரோ எடுக்கும் முறையில் அந்தக் கனத்தைக் கணக்கில் சேர்க்கத் தவறினால் முதல் இறக்கம் உலோகத்தை வெட்டாமல் காற்றிலேயே போய்விடும். அலுமினியம் மின்கடத்தி என்பதால், ஒரு கம்பியைக் கட்டரிலும் மற்றொன்றைத் தகட்டிலும் மாட்டி, “ஜி38.2 இசட்-10 எஃப்30” என்ற ஜி-கோட் (எந்திரத்துக்கு இடப்படும் எழுத்துக் கட்டளை) வரியால் மெதுவாக இறக்கி, தொட்ட இடத்தையே “ஜி10 எல்20 பி1 இசட்0” என்று பதிவுசெய்தேன். நன்றாகவே வேலை செய்தது, மூன்றாவது ஞாயிறு வரை. அன்று மாட்டிய துண்டின் மேல் அனோடைஸ் செய்த படலம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. கட்டர் தகட்டைத் தொட்டும் எந்திரத்துக்குத் தொட்டது தெரியவில்லை; அமைதியாக இறங்கிக்கொண்டே போய் மூன்றாவது கட்டரை முடித்துவைத்தது. இப்போது தொடும் இடத்தை எமரித் தாளால் தேய்த்துவிட்டு, மல்டிமீட்டரில் ஒலி வருகிறதா என்று பார்த்த பிறகே இறக்குகிறேன்.

நான்காவது கட்டர் என் சொந்த நிரலுக்குப் பலியானது. குழிகளுக்கான பாதையை ஃப்ரீகேட் என்னும் வரைபட மென்பொருள் தந்தது. வெளிவட்டத்தை மட்டும் பெருமைக்காகக் கையால் எழுதினேன். ஜீரோ எடுக்கும் நிரலின் நடுவில் ஜி91 என்ற ஒப்பீட்டு நகர்வுக் கட்டளை இருந்தது. முடிவில் ஜி90க்குத் திரும்பவில்லை. ஜி-கோட்டில் இத்தகைய கட்டளைகள் மாற்றப்படும்வரை நீடிப்பவை. என் நிரல் “எக்ஸ் 26” என்று ஓர் இடத்தைக் குறித்தது. எந்திரம் அதை “இன்னும் 26 நகர்” என்று புரிந்துகொண்டது. முதல் வரியில் காற்றில் ஓடியது. அடுத்து அதே வரி வந்தபோது மேலும் 26 நகர்ந்து கிளாம்ப் போல்ட்டில் போய் மோதியது. அதன் பிறகு எந்த நிரலாக இருந்தாலும் முதல் வரி “ஜி21 ஜி90 ஜி17 ஜி94 ஜி54” என்றுதான் தொடங்குகிறது. மில்லிமீட்டர், நேரடி இடக்குறிப்பு, எக்ஸ்-ஒய் தளம், நிமிடக் கணக்கில் ஃபீட், முதல் வேலை ஜீரோ ஆகிய ஐந்தையும் அந்த ஒரு வரி உறுதிசெய்துவிடுகிறது.

இன்னும் இரண்டு சிறு எச்சரிக்கைகள். எந்திரத்தைத் தொடக்க இடத்துக்கு அனுப்ப மென்பொருள் நிரலின் கடைசியில் சேர்க்கும் ஜி28 வரியை நீக்கிவிடுகிறேன். தன் தொடக்க இடத்தை அறிய உதவும் ஹோமிங் ஸ்விட்ச் இல்லாத எந்திரத்துக்கு மின்சாரம் போட்ட இடமே பூச்சியம் என்பதால், அது குறுக்கே எதன் மேல் பாயும் என்று சொல்ல முடியாது. நிரலில் சுழல்வேகத்துக்காக வரும் எஸ் எண்ணும் உண்மையான சுற்று அல்ல. உச்சச் சுற்றைக் குறிக்கும் $30 என்ற ஜிஆர்பிஎல் அமைப்போடு ஒப்பிட்டு மோட்டாருக்குப் போகும் மின்துடிப்பின் விகிதம் மட்டுமே. உண்மையான சுற்றைச் சுழல்வேகம் அளக்கும் டாக்கோமீட்டர்தான் சொல்லும். என்னுடையது வெட்டும்போது 8,800க்கு இறங்குகிறது.

ஏழாவது ஞாயிறன்று முழு வேலையும் ஒரே பிடிப்பில் ஓடியது. தகட்டின் நான்கு மூலைகளிலும் துளையிட்டு எம்.டி.எஃப். பலகையில் திருகியிருந்தேன், எண்ணெய் பட்டால் இரட்டைப் பக்க நாடா நழுவும் என்பதை மரவேலையிலேயே கண்டிருக்கிறேன். குழிகளும் நட்சத்திர நடுப்பகுதிகளும் முடிந்த பின் கட்டரை மாற்றி, ஜீரோவை மீண்டும் எடுத்தேன். நட்சத்திர முனைகள் மூன்றுக்கும் சேர்த்து 25 நிமிடம். பிறகு பெரிய கட்டரைத் திரும்ப மாட்டி வெளிவட்டம், வில்லை தகட்டிலிருந்து கழன்றுவிடாதபடி மூன்று இடங்களில் சிறு பிடிப்புகளை வெட்டாமல் விட்டுவிட்டு. திருகுத்தண்டில் எக்ஸ் திசையில் 0.06, ஒய் திசையில் 0.09 மி.மீ. ஆட்டம், அதாவது திசை மாறும்போது வீணாகும் நகர்வு, இருப்பதை முன்பே அளந்திருந்தேன். ஜிஆர்பிஎல்லில் அதை ஈடுசெய்யும் வசதி இல்லை. ஆட்டமுள்ள எந்திரத்தில் வட்டத்தைக் கடிகார திசையில் சுற்றினால் கட்டர் தானாகவே உலோகத்துக்குள் இழுத்துக்கொள்ளும். எனவே எதிர்த்திசையில் சுற்ற வைத்தேன். வில்லை எக்ஸில் 51.94, ஒய்யில் 51.90 என்று வந்தது. வட்டத்தின் நான்கு திசைகளிலும் நகம் வைத்துத் தடவினால் மட்டும் தெரிகிற சிறு தட்டைப் பகுதிகள் இருக்கின்றன. அச்சுக்குள் 0.4 மி.மீ. இடைவெளி விட்டுத்தானே வரைந்திருக்கிறேன் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பிடிப்புகளை ரம்பத்தால் அறுத்து, பிசிறுகளை அரத்தால் நீக்கி, நட்சத்திரத்தின் உள்மூலைகளை முக்கோண ஊசி அரத்தால் கூராக்கினேன். எண்ணெயும் சில்லும் போக வெந்நீரிலும் பாத்திரச் சோப்பிலும் மூன்று முறை கழுவினேன். மாவு வைத்துப் பிழிந்தபோது இரண்டு நட்சத்திரங்களிலிருந்து கூரான முள் வந்தது. மூன்றாவதில் ஒரு முள் மட்டும் மழுங்கலாக வந்தது. அந்த மூலையில் அரம் சறுக்கியதை நான் அப்போதே பார்த்தேன். எந்த முறுக்கில் அது இருக்கிறது என்று அம்மா முதல் ஈட்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்து தேன்குழல் வில்லையும் வேண்டும் என்கிறார். அதில் இருப்பவை வட்டத் துளைகள் மட்டுமே. ஜிஆர்பிஎல்லுக்கு ஜி81 துளையிடும் சுழற்சியும் தெரியாது. எந்திரத்தை மூடிவைத்துவிட்டு, கைத்துளைப்பானில் 5 மி.மீ. பிட் போட்டு முடித்துவிடலாம் என்று இருக்கிறேன்.