மேப்பிள் மிட்டாய்: கிளறக் கூடாத நேரமும் கிளற வேண்டிய நேரமும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலுமாக நாட்கள் மாறி வரும்போது மேப்பிள் மரங்களில் சாறு ஓடத் தொடங்கும். அந்தச் சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ 2 விழுக்காடுதான் என்பதால், சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் சிரப் கிடைக்கும். அந்தச் சிரப்பையும் மேலும் காய்ச்சிக் கிளறி அச்சில் வார்த்தால் அது மேப்பிள் மிட்டாய். வேறு சர்க்கரையோ மணப்பொருளோ அதில் சேர்வதில்லை. ஒரே பொருளில் செய்வது எளிது என்று எண்ணித்தான் நானும் இறங்கினேன். முதல் இரண்டு முறையும் தோற்றேன்.

முதல் தோல்விக்குக் காரணம் நான் தேர்ந்தெடுத்த சிரப். சுவை அழுத்தமாக இருக்கும் என்று கருநிறச் சிரப்பை வாங்கினேன். கருநிறச் சிரப் பெரும்பாலும் பருவத்தின் பிற்பகுதியில் கிடைப்பது. அப்போது வெயில் ஏற ஏற, சாற்றில் பெருகும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரையான சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடுகின்றன. இவை மிகுந்தால் பாகு எளிதில் படிகமாவதில்லை. எவ்வளவு கிளறியும் என் பாகு களிம்புபோல் ஒட்டிக்கொண்டே இருந்தது. பொன்னிறச் சிரப்பே மிட்டாய்க்கு ஏற்றது என்பதை அதன் பிறகுதான் அறிந்தேன்.

இரண்டாவது முறை என் அவசரம் கெடுத்தது. பாகு கொதித்து இறங்கிய சூட்டிலேயே கிளறியதால் பெரிய பெரிய படிகங்கள் உருவாகி, மிட்டாய் வாயில் மணலாய் நெறுநெறுத்தது.

இப்போது நான் செய்வது இதுதான். பாகு பொங்கி எழும் என்பதால், ஊற்றும் சிரப்பைப்போல் மூன்று நான்கு மடங்கு கொள்ளளவுள்ள அடிகனமான பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். துளி வெண்ணெய் இட்டால் பொங்கல் அடங்கும். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியில் பார்த்துக்கொள்வேன், ஏனெனில் இடத்தின் உயரத்துக்கும் அன்றைய காற்றழுத்தத்துக்கும் ஏற்பக் கொதிநிலை மாறும். அதற்கு மேல் 13 பாகை செல்சியஸ், அதாவது கடல்மட்டத்தில் சுமார் 113 பாகை வந்ததும் இறக்கிவிடுவேன். வெப்பமானி இல்லாதவர்கள் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டு, விரலில் மெத்தென்று உருளும் உருட்டுப் பதத்தைப் பார்க்கலாம். பிறகு பாத்திரத்தை அசைக்காமல், கரண்டி படாமல், ஏறக்குறைய 80 பாகை வரை ஆறவிட வேண்டும். இந்தக் காத்திருப்புதான் இதில் கடினமான வேலை. அதன்பின் மரக்கரண்டியால் விடாது கிளறினால், பளபளப்பு மங்கி நிறம் வெளுத்து, பாகு கூழாகத் தடிக்கும். அந்த நொடியே அச்சில் ஊற்ற வேண்டும். சற்றுத் தாமதித்தால் பாத்திரத்திலேயே கட்டிவிடும். அப்படிக் கட்டியதைச் சிறிது நீர் விட்டுக் கரைத்து, மறுபடி காய்ச்சிக்கொள்ளலாம்.

மிட்டாயைக் கெடாமல் சேமித்து வைப்பதைப் பற்றிச் சொல்லும்போது, இந்நிலத்தின் தொல்குடிகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அனிஷினாபே மக்கள் சாற்றைச் சர்க்கரையாகவே காய்ச்சி, பூர்ச்ச மரப்பட்டைப் பெட்டிகளில் ஆண்டு முழுவதற்கும் சேமித்தார்கள். மூடியிட்ட போத்தல்கள் இல்லாத காலத்தில் சிரப்பை வைத்துக்கொள்வது அரிது, கட்டியான சர்க்கரையைச் சுமந்து செல்வதோ எளிது.

மென்மையான மிட்டாய்க்கு ஈரமும் பகை, வறட்சியும் பகை. திறந்த தட்டில் விட்டால் ஈரம் வெளியேறி, மேலே வெள்ளைத் திட்டுகள் படர்ந்து கல்லாய் இறுகும். அது பூஞ்சை அன்று, உண்ணலாம். கடைகளில் விற்பவர்கள் இதைத் தடுக்க, அடர்த்தியாகக் காய்ச்சி அசைக்காமல் ஆறவைத்த பாகில் மிட்டாய்களைப் பல மணி நேரம் மூழ்கவைத்து, மேலே மெல்லிய படிகப் போர்வை படியச் செய்கிறார்கள். வீட்டுக்கு அவ்வளவு பாடு தேவையில்லை என்பது என் எண்ணம். நன்றாக ஆறியபின், மெழுகுத்தாள் இடையிட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கினால் சில வாரங்கள் தாங்கும். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் உறைவிப்பானில் வைக்கிறேன். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறந்துவிடக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால்தான், குளிர்ந்த மிட்டாயின்மேல் நீர் படிந்து கசியாமல் இருக்கும்.