ஒரு ஸ்க்ரூ, நான்கு கடை, ஒரு 40 சீரிஸ் டயர்

டயரில் ஏறியிருக்கும் ஸ்க்ரூவை யாரையும் பிடுங்க விடாதீர்கள். நான் போன் பேசி முடிப்பதற்குள் என் டயரில் அதுதான் நடந்தது. அதில் தொடங்கிய அலைச்சல் நான்கு நாள் இழுத்தது.

கார் இரண்டாம் கையாக வாங்கிய ஜெர்மன் செடான். டயர் 225/40 ஆர் 18, 92 ஒய். ஒய் என்றால் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று அர்த்தம். நான் 100-ஐத் தாண்டுவதே அபூர்வம், அது வேறு கதை. விஷயம் அந்த 40-இல் இருக்கிறது. டயரின் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம். அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் வெறும் 90 மில்லிமீட்டர். காற்று பாதி இறங்கினாலும் டயர் விறைப்பாகத்தான் நிற்கும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்த நிலையில் ஓட்டினால் பக்கச்சுவர் உள்ளுக்குள்ளேயே மடிந்து மடிந்து சூடேறிச் செத்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல பஞ்சர் போட்டும் பிரயோஜனமில்லை.

சனிக்கிழமை காலை, விழுப்புரத்தில் அத்தை மகளுக்கு வளைகாப்பு. மேல்மருவத்தூர் தாண்டி அச்சிறுபாக்கம் வருவதற்குள் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. உடனே ஓரம் கட்டினேன். அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். பின்பக்க இடது டயரில் 22 பிஎஸ்ஐ, இருக்க வேண்டியது 36. ரோட்டில் படும் பகுதியின் நடுவில், கொஞ்சம் உள்ளே தள்ளி, நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஒன்று பளபளத்தது.

ஸ்டெப்னி இருக்கிறதே, மாட்டிவிட்டுப் போவோம் என்று டிக்கியில் இருந்த ஏழு சீர்த்தட்டையும் இறக்கி அம்மா மடியிலும் ரோட்டோரத்திலும் வைத்தோம். ஜாக்கி இருந்தது, ஸ்பேனர் இருந்தது. ஆனால் சக்கரத்துக்கு ஐந்து போல்ட் என்றால் அதில் ஒன்று திருட்டுக்குப் பயந்து போட்ட லாக் போல்ட். அதைக் கழற்ற விரல் நீளத்தில் ஒரு சாவி தரப்படும். அந்தச் சாவி இருக்க வேண்டிய பள்ளம் காலி. அம்மா பக்கத்தில் இருந்ததால் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டேன்.

சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன பம்ப் ஒன்று வைத்திருந்தேன். ஸ்க்ரூவைத் தொடாமல் 36 வரை காற்று அடித்து, முக்கால் கிலோமீட்டரில் தெரிந்த பஞ்சர் கடைக்கு ஊர்ந்தே போனேன். ஸ்க்ரூ தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் பிடுங்கக் கூடாது என்கிறேன்.

கடைக்காரப் பையனிடம், "தம்பி, கொஞ்சம் இரு, கைகூட வைக்காதே" என்று சொல்லிவிட்டு, அத்தைக்குப் போன் போட்டேன். அரை நிமிடம். திரும்பினால் "புஸ்ஸ்". அவன் கையில் கட்டிங் பிளேயர், அதன் வாயில் ஸ்க்ரூ. "சார், சின்னதுதான், அஞ்சு நிமிஷம்." அதற்குள் முள்ளரம் மாதிரி ஒரு கம்பியை ஓட்டையில் விட்டு முன்னும் பின்னும் குடைய ஆரம்பித்துவிட்டான். பிசின் தோய்ந்த கயிற்றை மடித்துத் திணித்து, வெளியே நீட்டியதைப் பிளேடால் அறுத்தான். 200 ரூபாய். அவனைக் குறை சொல்லி என்ன செய்வது? சக்கரத்தைக் கழற்றச் சாவி கொடுக்காத என்னிடம் அவன் வேறு என்ன செய்ய முடியும்?

இந்தக் கயிறு ஆபத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் குடைகிற கம்பி உள்ளே இருக்கும் எஃகு இழைகளையும் சேர்த்து அறுக்கும். அந்த வழியில் தண்ணீர் இறங்கினால் இழை துருப்பிடிக்கும். உள்ளே என்ன சேதம் என்று யாரும் பார்ப்பதும் இல்லை.

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஞாயிறு காலை சந்தேகத்தில் காற்று பார்த்தால் 27. விளக்கு எரியவில்லை. எரியாது. என் காரில் டயருக்குள் சென்சார் கிடையாது, ஏபிஎஸ் சென்சாரை வைத்துச் சக்கரம் சுற்றும் வேகத்தைக் கணக்குப் பார்த்துத்தான் எச்சரிக்கும். நிற்கிற வண்டியில் அதற்கு ஒன்றும் தெரியாது. இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் காற்றைச் சரியாக அடித்த பிறகே செட் பட்டனை அழுத்த வேண்டும். குறைந்த காற்றோடு அழுத்தினால் அதையே சரியான அளவு என்று வண்டி எடுத்துக்கொள்ளும். மறுபடி 36 அடித்து, 70-ஐத் தாண்டாமல், இரண்டு இடத்தில் நிறுத்திப் பார்த்து, சென்னை வந்து சேர்ந்தோம்.

திங்கள் காலை கம்பெனி சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம். கண்ணாடி அறை, காபி, 1 மணி நேரக் காத்திருப்பு. சர்வீஸ் அட்வைசர் டயரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சார், இது ஒய் ரேட்டிங். இதுக்குப் பஞ்சர் போடவே கூடாது, கம்பெனி ரூல். ரெண்டு டயரா மாத்திடலாம், 41,000 ஆகும். லாக் போல்ட்டை உடைச்சு எடுக்கத் தனி சார்ஜ்."

அந்த ரூலை எழுத்தில் காட்டுங்கள் என்றேன். "சிஸ்டத்தில் இருக்கு" என்றார். சிஸ்டத்தில் தேடினார். இல்லை. என் டயரில் பதித்திருந்த நான்கு எண் 1423, அதாவது 2023-ன் 14-ஆவது வாரத்தில் செய்தது. பட்டனும், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகளின் உயரமும், 5 மில்லிமீட்டர் மிச்சம். 1.6-க்கு வந்தால்தான் மாற்றியாக வேண்டும். நல்ல டயரைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். பஞ்சர் போட்டால் அதன்பிறகு அந்த வேக ரேட்டிங் செல்லாது என்று சில டயர் கம்பெனிகள் சொல்கின்றன. சில, முறைப்படி செய்தால் ஒரு தடவை அனுமதிக்கின்றன. ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். ஓஎம்ஆர் சிக்னலில் நிற்கும் எனக்கு அந்தக் கவலை இல்லை.

அன்று மாலை, வண்டியை விற்றவருக்கே போன் போட்டேன். "ஆஷ்ட்ரேயில் பாத்தீங்களா?" என்றார். டோல்கேட் சில்லறை போடும் குழி அது. ஃபாஸ்டேக் வந்த பிறகு நான் அதைத் திறந்ததே இல்லை. பழைய பத்து ரூபாய்க் காசுகளுக்கு அடியில், துணியில் சுற்றி, சாவி. உங்கள் வண்டியிலும் இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள், நடுரோட்டில் தேட வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை போன டயர் கடையில் "40 சீரிஸா? கழட்ட மாட்டோம் சார்" என்று கையை விரித்தார்கள். அவர்களிடம் இருந்த மெஷினில், கழற்றும்போது டயரை அழுத்திப் பிடிக்கும் உதவிக்கை இல்லை. அது இல்லாமல் நெம்பினால் டயரின் விளிம்பு கிழியும், ரிம்மும் கீறும். நேர்மையாக அனுப்பி வைத்ததற்கு நன்றி.

நான்காவது கடை கிண்டிப் பக்கம். வயதான முதலாளி, டயரைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "தம்பி, காத்து இல்லாம எவ்வளவு தூரம் ஓட்டுனீங்க?" நான்கு நாளில் இதைக் கேட்ட முதல் ஆள். ஓட்டவில்லை, 22-லேயே நிறுத்திவிட்டேன் என்றேன். "பாத்துடுவோம்."

மெஷினின் கைக்கு பிளாஸ்டிக் உறை மாட்டி, வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுக் கழற்றினார்கள். டார்ச் அடித்து, பக்கச்சுவரின் உள்பக்கம் முழுவதும் விரலால் ஒரு சுற்றுத் தடவி, விரலை என்னிடம் நீட்டினார். சுத்தம். காற்றில்லாமல் ஓடிய டயராக இருந்தால் கறுப்பு ரப்பர் தூள் ஒட்டியிருக்குமாம், அப்படி இருந்தால் அவர் தொடவே மாட்டாராம்.

கயிற்றை உருவினார். ஓட்டை 5 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. 6 வரைதான் போடலாம், அதுவும் நடுப்பகுதியில் மட்டும். நடுப்பகுதி பக்கச்சுவரோடு சேரும் தோள்பட்டையிலோ பக்கச்சுவரிலோ குத்தியிருந்தால் பேச்சே இல்லை. அச்சிறுபாக்கம் பையன் இன்னும் நாலு தடவை குடைந்திருந்தால் 41,000 போயிருக்கும்.

அடுத்து நடந்ததை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மெதுவாகச் சுற்றும் டிரில்லால் ஓட்டையைச் சுத்தம் செய்தார். உள்தோலை ஒரு ரூபாய்க் காசின் அகலத்துக்குக் கொஞ்சம் மேலே தேய்த்து, தூளை உறிஞ்சி எடுத்து, சொல்யூஷன் தடவினார். பையன் அவசரப்பட்டு பேட்சை எடுத்தபோது, "காயட்டும்டா" என்று கையைத் தட்டிவிட்டார். ஈரத்தில் ஒட்டினால் பிடிக்காது, புறங்கையால் தொட்டால் லேசாகப் பிசுபிசுக்க வேண்டும். பிறகு காளான் வடிவ பேட்ச்: தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்தார், ஓட்டை அடைந்தது. குடை உள்தோலோடு ஒட்டியது. பல்சக்கர உருளையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்தி அழுத்தித் தேய்த்தார், இடையில் காற்று சிக்கக் கூடாதாம். வெளியே நீட்டிய தண்டை அறுத்துவிட்டு, காற்றடித்துச் சோப்புத்தண்ணீர் ஊற்றினார். ஒரு குமிழி இல்லை.

பேலன்ஸிங் முடிந்து சக்கரத்தை மாட்டும்போது உதவியாள் ஏர் கன்னோடு வந்தான். இங்கே வாயைத் திறந்துவிடுங்கள். எவ்வளவு இறுக்கம் என்று அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச்தான் வேண்டும் என்று நின்றேன், என் வண்டிக்கு 120 நியூட்டன் மீட்டர். கன்னால் முறுக்கினால் அடுத்த பஞ்சரில் நடுரோட்டில் ஸ்பேனர் மேல் ஏறி நின்றாலும் போல்ட் அசையாது, லாக் சாவியின் பல்லும் போய்விடும்.

எல்லாம் சேர்த்து 750 ரூபாய். ஐந்து வாரமாக ஞாயிறுதோறும், வண்டியை எடுக்கும் முன், குளிர்ந்த டயரில் காற்று பார்க்கிறேன். 36, 36, 36, ஒரு வாரம் 35, மறுபடி 36. அந்த 35 அன்று நான்கு டயரிலுமே 35 இருந்தது, முதல் நாள் இரவு நல்ல மழை, குளிர்ந்தால் காற்றழுத்தம் கொஞ்சம் இறங்கும்.

சர்வீஸ் சென்டரிலிருந்து போன வாரம் அழைத்தார்கள். இரண்டு டயரும் ஸ்டாக் வந்துவிட்டதாம்.