பத்து ஆண்டுத் தடை: ஜூன், ஜூலை 2025 குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சி உறுப்பினர் மார்ஜொரி டெய்லர் கிரீன் ஒப்புக்கொண்டுவிட்டார். டிரம்பின் 'பெரிய அழகான' வரி, செலவு மசோதாவில், மாநிலங்களின் ஏஐ சட்டங்களை முடக்கும் பத்தி இருந்ததே தனக்குத் தெரியாதாம். தெரிந்திருந்தால் எதிர்த்திருப்பாராம். மே 22 அன்று பிரதிநிதிகள் சபையில் கணக்கு 215-214. அவர் ஒருவர் மாற்றிப் போட்டிருந்தால் மசோதாவே விழுந்திருக்கும்.

பத்தியைத் திரும்பப் படித்தேன். ஏஐ மாடல்களையும், தானாக முடிவெடுக்கும் கணினி அமைப்புகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் எதையும் எந்த மாநிலமும் எந்த நகராட்சியும் 10 ஆண்டுக்கு அமல்படுத்தக் கூடாது. அதை ஒட்டவைத்திருக்கும் இடம்: வணிகத் துறையின் பழைய கணினிகளைப் புதுப்பிக்க 500 மில்லியன் டாலர் ஒதுக்கும் பிரிவு.

பத்து ஆண்டு. மாநில உரிமை என்று மூச்சுக்கு மூச்சு பேசும் நம் குடியரசுக் கட்சி எழுதியது.

ஜூன் 4, புதன்

காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமான சிபிஓவின் மதிப்பீடு: சபையின் மசோதா பத்தாண்டில் பற்றாக்குறையை 2.4 டிரில்லியன் டாலர் கூட்டும். நம் ஆட்கள் உடனே சிபிஓவைத் திட்டுகிறார்கள். பைடன் காலத்தில் இதே சிபிஓ தாளை எடுத்து ஆட்டியவர்கள்தான்.

மூடிஸ் நிறுவனம் நாட்டின் கடன் தரத்தைக் குறைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2011-இல் எஸ் அண்ட் பி, 2023-இல் ஃபிட்ச், இப்போது மூடிஸ். மூன்று பேரும் சொல்லியாயிற்று.

ஜூன் 5, வியாழன்

ஊரே டிரம்ப்-மஸ்க் சண்டையை வேடிக்கை பார்க்கிறது. அந்தச் சத்தத்தில் செனட்டர் டெட் க்ரூஸின் வணிகக் குழு செனட் வாசகத்தை வெளியிட்டிருக்கிறது. பத்தி சாகவில்லை, சட்டை மாற்றியிருக்கிறது. தடை என்று நேராகச் சொல்லாமல், அகன்ற அலைவரிசைப் பணம் வேண்டுமானால் ஏஐ சட்டங்களைக் கிடப்பில் போடு என்கிறது. 2021-இன் 42.45 பில்லியன் 'பீட்' திட்டம். கிராமத்துக்கு இணையம் போகும் பணம்.

ஜூன் 9, திங்கள்

ஏன் சட்டை மாற்ற வேண்டியிருந்தது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இனி நடப்பது புரியும்.

பட்ஜெட் மசோதாக்களுக்கான 'ரீகன்சிலியேஷன்' வழியில் போனால் செனட்டில் பேசியே மசோதாவை முடக்கும் ஃபிலிபஸ்டர் கிடையாது, 60 ஓட்டு தேவையில்லை, பாதிக்கு மேல் இருந்தால் போதும். ஆனால் அந்தக் குறுக்குவழியில் ஒரு சுங்கச்சாவடி உண்டு. 1985-இல் செனட்டர் ராபர்ட் பைர்ட் போட்ட விதி. வரவையோ செலவையோ மாற்றாத ஷரத்து வெளியே. மாற்றினாலும், பண விளைவு ஒரு சாக்காக மட்டும் இருந்து உள்நோக்கம் கொள்கையாக இருந்தால் அதுவும் வெளியே. பட்ஜெட் காலத்தைத் தாண்டிப் பற்றாக்குறையைக் கூட்டினால் வெளியே. சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்தைத் தொட்டாலும் வெளியே. யாராவது ஒரு செனட்டர் எழுந்து ஆட்சேபித்தால், காப்பாற்ற 60 ஓட்டு வேண்டும். எது உள்ளே எது வெளியே என்று ஆலோசனை சொல்பவர் செனட்டின் விதி நிபுணரான பார்லிமென்டேரியன் எலிசபெத் மெக்டொனா.

சபையின் பத்தி நேரடித் தடை. அதில் பணம் இல்லை. செனட்டில் அடுத்த நிமிஷம் அடிபட்டிருக்கும். அதனால்தான் க்ரூஸ் அதைப் பணத்தோடு கட்டினார். கெட்டிக்காரத்தனம், மறுக்கவில்லை. ஆனால் பணத்தைக் காட்டி மாநிலத்தைப் பணியவைப்பது நாம் 40 வருஷமாக எதிர்த்த வித்தை. நெடுஞ்சாலைப் பணத்தைக் காட்டி மது அருந்தும் வயதை 21 ஆக்கினார்களே, 1984-இல். கையெழுத்திட்டவர் ரேகன் என்பது தனி வேதனை.

ஜூன் 12, வியாழன்

கலிபோர்னியாவின் வாகனப் புகை விலக்குகளை ரத்து செய்யும் தீர்மானங்களில் டிரம்ப் கையெழுத்திட்டார். கைதட்டினேன். பிறகு உறுத்தியது.

சமாதானம்: அது மாநிலத்தின் இயல்பான உரிமை அல்ல, சுத்தக் காற்றுச் சட்டம் ஒரே ஒரு மாநிலத்துக்குத் தந்த சலுகை. மேலே மத்திய விதி இருந்தது. ஏஐ விஷயத்தில் மேலே ஒன்றுமே இல்லை. மேலே சட்டம் போட்டுக் கீழே உள்ளதை அகற்றுவது ஒன்று. மேலே வெறும் ஆகாயத்தை வைத்துக்கொண்டு கீழே உள்ளதை அகற்றுவது வேறு.

சமாதானம் முக்கால்வாசி நிற்கிறது.

ஜூன் 16, திங்கள்

செனட் நிதிக் குழுவின் வாசகம் வந்தது. ஏழைகளுக்கான மருத்துவத் திட்டமான மெடிகெய்டில், மாநிலங்கள் ஆஸ்பத்திரிகளிடம் வாங்கும் 'புரொவைடர் டாக்ஸ்' வரம்பை 6 சதவீதத்திலிருந்து 3.5-க்கு இறக்குகிறார்கள், திட்டத்தை விரிவாக்கிய மாநிலங்களில். இதையாவது மனசாரப் பாராட்டலாம். வித்தை இப்படி: மத்திய பங்கு 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாநிலம் ஆஸ்பத்திரிகளிடம் 100 டாலர் வரி வாங்குகிறது. அதையே தன் பங்காகக் காட்டி மத்திய அரசிடம் 150 பெறுகிறது. 250-ஐ ஆஸ்பத்திரிகளுக்கே திருப்பித் தருகிறது. மாநிலத்தின் சொந்தக் காசு ஒன்றும் போகவில்லை. நம் கட்சியின் சிவப்பு மாநிலம், ஜனநாயகக் கட்சியின் நீல மாநிலம் இரண்டும் செய்கின்றன. அதனால்தான் இத்தனை காலம் யாரும் தொடவில்லை.

மிசௌரி செனட்டர் ஹாலி எதிர்க்கிறார். கிராமத்து ஆஸ்பத்திரிகள் மூடிவிடும் என்கிறார். பொய்யில்லை. வித்தையின் மேல் கட்டிய ஆஸ்பத்திரிக்கு வித்தை நின்றால் அஸ்திவாரம் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

பணத்தோடு கட்டிய ஏஐ தடை தாண்டிவிட்டது. மெக்டொனா சரி சொல்லிவிட்டார்.

இன்றே டெக்சஸில் ஆளுநர் அபாட் அந்த மாநிலத்தின் ஏஐ சட்டத்தில் கையெழுத்திட்டார். தற்கொலைக்குத் தூண்டும் நோக்கில், குழந்தை ஆபாசம் தயாரிக்கும் நோக்கில் ஏஐ உருவாக்கக் கூடாது. அரசு குடிமக்களுக்கு மதிப்பெண் போடக் கூடாது. அமல் மாநில அட்டர்னி ஜெனரல் கையில் மட்டும், தவறைத் திருத்த 60 நாள் அவகாசம். ஜனவரி 1, 2026 முதல். இலகுவான சட்டம். கொலராடோ 2024-இல் போட்டது இதற்கு நேர்மாறு, 'அல்காரிதப் பாகுபாடு' என்று நிறுவனங்களின் கழுத்தில் கட்டிய கல். கொலராடோ அதைச் சுமந்து பார்க்கட்டும். டெக்சஸ் இதை ஓட்டிப் பார்க்கட்டும். 50 மாநிலம் இருப்பது அதற்குத்தானே?

க்ரூஸ் டெக்சஸ்காரர்.

ஜூன் 24, செவ்வாய்

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சொட்டுச் சொட்டாக வருகின்றன. வேறொன்றும் இல்லை.

ஜூன் 26, வியாழன்

புரொவைடர் டாக்ஸ் ஷரத்து அடிபட்டது. மெக்டொனாவை நீக்கு என்று சிலர் கூச்சல். அம்மா தன் வேலையைச் செய்கிறார். ஷரத்தை ஒழுங்காகத் திருத்தி எழுதிக் கொண்டுபோனால் போயிற்று.

க்ரூஸிடமும் திருத்தக் கேட்டிருக்கிறார். தடை அகன்ற அலைவரிசைக்குப் புதிதாகச் சேர்த்த 500 மில்லியனுக்கு மட்டுமா, 42.45 பில்லியன் முழுவதற்குமா என்பது வாசகத்தில் தெளிவில்லை. தெளிவில்லாமல் எழுதியது தற்செயல் என்று நம்பச் சொல்கிறார்கள்.

ஜூன் 27, வெள்ளி

நல்ல நாள். ஆபாசத் தளங்கள் வயதைச் சரிபார்க்க வேண்டும் என்ற டெக்சஸ் சட்டம் செல்லும், 6-3. நீதிபதி தாமஸ் எழுதியது. மாவட்ட நீதிபதி ஒருவர் நாடு முழுவதற்கும் தடை போடும் பழக்கத்துக்கும் இன்றே கடிவாளம், அதுவும் 6-3.

முதல் தீர்ப்பை ஏஐ பத்தியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாஷிங்டன் கால் நூற்றாண்டாகச் செய்யாததை ஒரு மாநிலம் செய்தது, நீதிமன்றம் ஏற்றது. பயனர் இடுவதற்கு இணையத் தளம் பொறுப்பல்ல என்று 1996-இல் பிரிவு 230 கொடுத்த பாதுகாப்பை காங்கிரஸ் இன்றுவரை உருப்படியாகத் திருத்தவில்லை. அந்த காங்கிரஸ்தான் "நீங்கள் சும்மா இருங்கள், நாங்கள் தேசிய விதி கொண்டுவருகிறோம்" என்கிறது.

ஆர்கன்சாஸ் ஆளுநர் சாரா ஹக்கபீ சாண்டர்ஸ் தலைமையில் 17 குடியரசுக் கட்சி ஆளுநர்கள் தடையை நீக்கக் கோரிக் கடிதம். மெல்லக் காற்று திரும்புகிறது.

ஜூன் 28, சனி

51-49. செனட்டில் மசோதாவை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டெடுப்பைத் திறந்து வைத்தார்கள். நம் கட்சியில் டில்லிஸும் ரேண்ட் பாலும் எதிர்ப்பு. மைக் லீ பொது நில விற்பனை ஷரத்தைத் திரும்பப் பெற்றார். செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷூமர் 940 பக்கத்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிவிட்டார். இடையூறு செய்யத்தான். இருந்தாலும், கிரீனை நினைத்துக்கொண்டால், யாரோ ஒருவர் படிப்பதில் தப்பில்லை.

வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தின் மேல் வரி 3.5-லிருந்து 1 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ரொக்கம், மணி ஆர்டர், காஷியர்ஸ் செக் கொடுத்து அனுப்பினால் மட்டும். வங்கிக் கணக்கிலிருந்தோ அமெரிக்க டெபிட் கார்டிலிருந்தோ ஊருக்கு அனுப்புகிறவர்களுக்கு இல்லை. கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டவர்களுக்காக இங்கேயே எழுதிவிடுகிறேன்: அடுத்த ஜனவரி முதல்.

ஜூன் 29, ஞாயிறு

வாசித்து முடிக்க ஏறக்குறைய 16 மணி நேரம். டில்லிஸ் இனிப் போட்டியிடவில்லை என்று அறிவித்தார்.

செனட் வடிவத்துக்கு சிபிஓ: 3.3 டிரில்லியன். சபையின் மசோதாவைவிட மோசம். ஆனால் செனட் தலைமை இன்னொரு தாளை நீட்டுகிறது, அதில் 500 பில்லியனுக்கு மேல் சேமிப்பு. ஒரே மசோதா, ஒரே நாள். எப்படி? 2017 வரிக்குறைப்புகள் இந்த டிசம்பரில் முடிகின்றன. சட்டப்படி பார்த்தால் நீட்டிப்பது புதுச் செலவு. "இருப்பது அப்படியே தொடரும்" என்று அடிக்கோட்டை நகர்த்திவிட்டால் நீட்டிப்பின் செலவு பூஜ்யம். 2017-இல் காலாவதித் தேதி போட்டதே செலவைக் குறைத்துக் காட்டத்தான். அன்று முடியும் என்று சொல்லி ஒரு லாபம், இன்று முடியாது என்று சொல்லி இன்னொரு லாபம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதுதான். வரிக்குறைப்பு வேண்டும், நானும் கேட்கிறேன். அதற்கு ஈடாகச் செலவை வெட்டு. வெட்ட மனமில்லையென்றால் அளவுகோலையாவது வெட்டாதே.

ஏஐ தடையில் டென்னசி செனட்டர் பிளாக்பர்னும் க்ரூஸும் சமரசம்: பத்து ஆண்டு ஐந்தாகிறது. குழந்தைப் பாதுகாப்பு, ஒருவரின் குரல், உருவம் பற்றிய மாநிலச் சட்டங்களுக்கு விலக்கு. கழுதை தேய்கிறது. ஆனால் பின்னாலேயே ஒரு வால்: அந்தச் சட்டங்கள் ஏஐ மேல் 'மிகையான சுமை' ஏற்றக் கூடாது. எந்தச் சுமை மிகை என்று யார் சொல்வது? எந்தக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தையும் அந்த ஒரு சொல்லை வைத்து ஐந்து வருஷம் கோர்ட்டில் இழுக்கலாம். வக்கீல்களுக்கு விருந்து.

ஜூன் 30, திங்கள்

அடிக்கோட்டு வித்தைக்கு 53-47. குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட எதிர்க்கவில்லை. ஒருவர்கூட.

இரவு: பிளாக்பர்ன் சமரசத்திலிருந்து விலகிவிட்டார்! அந்த வாலைப் படித்திருக்கிறார்.

ஜூலை 1, செவ்வாய்

99-1.

விடிகாலை 4 மணி வாக்கில். பிளாக்பர்னின் திருத்தம், உடன் ஜனநாயகக் கட்சியின் கான்ட்வெல். தடை முழுசாக நீக்கம். க்ரூஸே நீக்கத்துக்கு ஓட்டுப் போட்டார். எதிர்த்த ஒரே ஆள் டில்லிஸ். பத்து, ஐந்து, பூஜ்யம். பிளாக்பர்னின் டென்னசியில் பாடகர்களின் குரலை ஏஐ திருடாமல் காக்கும் எல்விஸ் சட்டம் நடைமுறைக்கு வந்து இன்றோடு சரியாக ஒரு வருஷம். இதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் எழுதி வைக்க வேண்டும், இல்லையென்றால் இது வெறும் கொண்டாட்டம். மாநிலங்களில் இந்த ஆண்டு மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏஐ மசோதாக்கள். ஐந்து பேர் உள்ள கம்பெனி 50 விதிகளைப் பின்பற்ற முடியாது, கூகுளால் முடியும். ஆகவே சட்டக் குழப்பம் பெரியவர்களுக்கே லாபம். சரியான வாதம். 1998-இல் இணைய அணுகல் வரிக்குத் தடை போட்டதை க்ரூஸ் முன்னுதாரணம் காட்டுகிறார். அது வரி. ஒற்றைப் பொருள், எல்லை தெரிந்தது. 'தானாக முடிவெடுக்கும் அமைப்பு' என்றால் கடன் விண்ணப்பம் முதல் இன்சூரன்ஸ் மறுப்பு வரை எல்லாம் அதில் அடங்கும். தேசிய விதி எழுதி, கமிட்டியில் வைத்து, 60 ஓட்டு வாங்கு. கடினம்தான். கடினமாக இருக்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறது.

மதியம் மசோதா நிறைவேறியது. 50-50, துணை அதிபர் வான்ஸின் ஓட்டில் 51. பால், டில்லிஸ், காலின்ஸ் எதிர்ப்பு. புரொவைடர் டாக்ஸ் திருத்தி எழுதப்பட்டு உள்ளே வந்துவிட்டது, 2028-இலிருந்து ஆண்டுக்கு அரை சதவீதமாக இறங்கும். கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு 50 பில்லியன் நிதி. வெட்டும் முன்பே மருந்து. துப்பாக்கி சைலன்சர் மேல் 1934 முதல் இருந்த 200 டாலர் வரி பூஜ்யம், பதிவு மட்டும் அப்படியே. வரி பணம், பதிவு கொள்கை. பைர்ட் விதியை யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் இந்த ஒரு உதாரணம் போதும்.

மசோதாவின் பெயரையும் ஷூமர் அதே விதியில் அடித்துவிட்டார். பெயரில்லாத பெரிய அழகான ஒன்று.

ஜூலை 2, புதன்

சபையில் ஓட்டெடுப்பைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார்கள். நான் தூங்கப் போகிறேன்.

ஜூலை 3, வியாழன்

218-214. சபையின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஜெஃப்ரீஸ் எட்டே முக்கால் மணி நேரம் பேசினார். நீளப் பேச்சில் மெக்கார்த்தியின் 2021 சாதனை போயிற்று. செலவை வெட்டு என்று முழங்கும் நம் கட்சி அணியான ஃப்ரீடம் காகஸ் எல்லாரும் சரணம். செனட் வடிவத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட சிப் ராயும் 'ஆம்'. நம் பக்கத்தில் மாஸியும் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் மட்டும் 'இல்லை'.

மாஸி சொன்னதெல்லாம் கணக்கு மட்டும்தான். அதற்குத்தான் அவர் மேல் இத்தனை கோபம்.

ஜூலை 4, வெள்ளி

கையெழுத்தாயிற்று. பட்டாசு.

கடன் உச்சவரம்பு ஒரே தாவலில் 5 டிரில்லியன் ஏறியது. மத்திய வரியில் மாநில வரிக்கான கழிவு வரம்பு 10,000 டாலரிலிருந்து 40,000, நியூயார்க், நியூஜெர்சி உறுப்பினர்களுக்குப் படைத்த பொங்கல். மெடிகெய்டுக்கு மாதம் 80 மணி நேர வேலை நிபந்தனை, நல்லது. ஆனால் 2026 இடைக்காலத் தேர்தல் முடிந்த பிறகு. வரிச்சலுகை முன்னால், வெட்டு பின்னால். 2024-இல் வட்டிச் செலவு ராணுவச் செலவைத் தாண்டியது என்பதை இன்று யாரிடமும் சொல்ல முடியாது.

99-1 மட்டும் மிச்சம்.

ஜூலை 23, புதன்

மிச்சமில்லை.

வெள்ளை மாளிகையின் ஏஐ செயல்திட்டம். படிக்கத் தொடங்கினேன், முதல் பகுதியிலேயே அது நிற்கிறது. ஏஐ தொடர்பான நிதி கொடுக்கும் மத்தியத் துறைகள், அந்த மாநிலத்தின் ஏஐ விதிகள் எப்படியென்று பார்த்து, பணம் வீணாகும்படி இருந்தால் குறைக்க வேண்டும். ஒரு மாநிலத்தின் விதி தன் அதிகாரத்தில் குறுக்கிடுகிறதா என்று தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி பார்க்க வேண்டும். 'விவேகமான' மாநிலச் சட்டங்களில், புதுமையை மிகையாகக் கட்டுப்படுத்தாதவரை, தலையிடக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறார்கள்.

மறுபடி 'மிகை'. அதே வால். பார்லிமென்டேரியன் இல்லை, பைர்ட் விதி இல்லை, ஓட்டெடுப்பே இல்லை. செனட் 99 பேர் சேர்ந்து எறிந்ததை ஒரு துறை அதிகாரி படிவத்தில் டிக் அடித்துத் திரும்பக் கொண்டுவரலாம். ஒபாமா காலத்தில் கல்வித்துறை இப்படிப் பணத்தைக் காட்டிப் பள்ளிப் பாடத்தரத்தைத் தள்ளியபோது நாம் என்ன பேசினோம் என்று தேடி எடுக்க வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

சட்டங்கள் அமலாகும் நாள்: டெக்சஸ் ஜனவரி 1. கொலராடோ, இன்றைய (ஜூலை 2025) சட்டப்படி, பிப்ரவரி 1. எந்தத் துறை முதலில் எந்த மாநிலத்துக்குக் கடிதம் அனுப்பப்போகிறது?