வாட்ஸ் மட்டும் பார்த்தால் போதாது

இன்று எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கரில், அதாவது மெல்லிய சவ்வை மின்புலத்தால் அதிரவைத்து ஒலி எழுப்பும் ஸ்பீக்கரில், வயலின் கேட்டேன். வில் தந்தியைத் தொடும் அந்த முதல் உரசல்கூடத் தனியாகக் காதில் விழுந்தது.

ஆம்ப்ளிஃபயரை மாற்றியதும் அந்த உரசலைக் காணோம். இத்தனைக்கும் இரண்டாவதுக்குத்தான் வாட்ஸ் அதிகம்!

ஆம்ப்ளிஃபயரைப் பொறுத்தவரை இந்த ஸ்பீக்கர் ஒரு கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் உறுப்பு). அதிர்வெண் ஏற ஏற இம்பீடன்ஸ், அதாவது கரன்டுக்கு அது காட்டும் தடை, இறங்கும். உச்சத்தில் சிலவற்றில் 2 ஓமுக்கும் கீழே போய்விடும். அங்கேயும் திணறாமல் கரன்ட் தர வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகமாக இருந்தால் மேல்ஸ்தாயி மங்கிவிடும்.

1957இல் வந்த குவாட் கம்பெனியின் ஈஎஸ்எல் என்ற எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கருக்கு அதே கம்பெனியின் 15 வாட்ஸ் வால்வு ஆம்ப்ளிஃபயரே போதுமானதாக இருந்தது. வாட்ஸ் கூடி வோல்டேஜ் எல்லை மீறினால் பேனலுக்குள் பொறி பறந்து சவ்வே ஓட்டையாகிவிடும்.

வாங்கும்போது முதலில் கேளுங்கள்: இப்படிப்பட்ட கெப்பாசிட்டர் லோடில் ஆம்ப்ளிஃபயர் ஆட்டம் காணாமல் நிற்குமா? வாட்ஸை அப்புறம் விசாரிக்கலாம்.