பீஸுக்கு எவ்வளவு வரும்?

நான் கேட்டது இவ்வளவுதான்: “சரிக்கா, பீஸுக்கு எவ்வளவு கூட வரும்?” பீஸ் என்றால் தைத்து முடித்த ஒரு உருப்படி. குரலை உயர்த்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. பனியன் கம்பெனியில் ஒரு நாளைக்கு முப்பது தடவை காதில் விழுகிற கேள்விதான். டீ மாஸ்டர் சர்க்கரை போதுமா என்று கேட்பதைப் போல வாயில் தானாக வருவது. ஆனாலும் எட்டு மாசமாக அது என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அன்றைக்குக் குழந்தைகள் உடுப்பு வரிசைக்கு ஐடியா பேச உட்கார்ந்திருந்தோம். மூன்று டிசைனர்கள், ஆர்டரையும் விலையையும் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர், நான், அப்புறம் மாதிரி உருப்படி தைக்கிற சாம்பிள் டெய்லர் அக்கா. அக்காவைக் கூப்பிட்டது என் யோசனை. தைக்கிற ஆளை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னத்தைப் பேசப்போகிறோம் என்று முதலாளியிடம் மல்லுக்கு நின்று சம்மதம் வாங்கியிருந்தேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று காட்டத்தான்.

முக்கால் மணி நேரம் அக்கா வாயே திறக்கவில்லை. அப்புறம் யாரும் கேட்காமலேயே ஆரம்பித்தார்.

“சின்னப் பசங்களுக்கு முட்டிதானுங்க சார் மொதல்ல போகுது. கட்டிங்ல விழற துண்டுல வேற கலரா பாத்து, உள்ளார முட்டிக்கு நேரா வெச்சுத் தெச்சுட்டோம்னா, மேல் துணி தேஞ்சதும் உள்ள இருக்கற கலரு எட்டிப் பாக்கும். பேண்ட் போச்சேன்னு பையன் அழ மாட்டான், சிரிப்பான்.”

இரண்டு மூன்று விநாடி யாரும் பேசவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த டிசைனர் பையன் நோட்டைப் புரட்டி வெள்ளைப் பக்கத்தில் பென்சிலை வைத்துவிட்டான். அந்த இடத்தில்தான் நான் கேட்டேன்.

“அதெல்லாம் எனக்கு எங்கீங்க சார் தெரியும்” என்று அக்கா சிரித்தார். மெர்ச்சண்டைசரும் சிரித்தார். பையன் பென்சிலை எடுத்துக்கொண்டான். அடுத்து யானையா கரடியா என்று பிரிண்டுக்குப் போய்விட்டோம்.

கேள்வி சரியானது. இதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்று ராத்திரியே வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பேண்டுக்கு இரண்டு ஒட்டு, இரண்டையும் கால் மூட்டுவதற்கு முன்னாலேயே தைத்தாக வேண்டும், அதாவது லைனில் கூடுதல் ஆபரேஷன். கட்டிங் துண்டு சும்மா கிடைக்கிற மாதிரி தெரியும், ஆனால் அதைப் பொறுக்கி, பிரித்து, மறுபடி வெட்ட ஆள் வேண்டும். வேறு வேறு சாயலாட், அதாவது வேறு வேறு தடவை சாயம் போட்ட துண்டு என்றால் ஷேடு ஒத்துப்போகாது. மேல் துணி ஒரு அளவு சுருங்கி உள் துணி வேறு அளவு சுருங்கினால், முதல் துவைப்பிலேயே முட்டியில் சுருக்கு விழுந்துவிடும். எல்லாம் சேர்த்து எட்டரை ரூபாய் வந்தது. ஐந்து சென்ட் குறைக்கச் சொல்லி மூன்று மெயில் போடுகிற பையரிடம், அதாவது எங்களிடம் துணி வாங்குகிற கம்பெனியிடம், இதை வைக்க முடியுமா? அதற்கும் மேலே, எங்கள் துணி தேயும் என்று எந்த பிராண்டு தன் வாயால் சொல்லும்?

ஆக நான் சரி. ஆனால் அந்தக் கணக்கைப் போட எனக்கே நாற்பது நிமிஷம் ஆயிற்று. பதில் வேண்டும் என்று கேட்டிருந்தால் பக்கத்து நாற்காலியில் இருந்த மெர்ச்சண்டைசரிடம் கேட்டிருப்பேன். காஸ்டிங் ஷீட்டை, அதாவது அடக்க விலைக் கணக்குத் தாளை, கண்ணால் பார்த்திராத ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். எதற்காக? நேரமாகிவிட்டது, பசி, ஏதோ ஒன்று. இல்லை, அது சாக்கு. பேச்சு என் கையை விட்டுப் போகிற மாதிரி இருந்தது, அதுதான் நிஜம் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அதுவும் என்னை நானே தேவையில்லாமல் திட்டிக்கொள்வதாகத் தோன்றுகிறது.

இத்தனைக்கும் இந்தப் பாடத்தை நானே மற்றவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். அமெரிக்க விளம்பரக்காரர் அலெக்ஸ் ஆஸ்போர்ன், 1950களில் பிரெய்ன்ஸ்டார்மிங்கை ஊரெல்லாம் பரப்பியவர், போட்ட முதல் விதியே ஐடியா கொட்டுகிற நேரத்தில் நல்லது கெட்டது பார்க்காதே என்பதுதான். எடைபோடுவது பிறகு, தனியாக. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்த மீட்டிங்கில் அதை முதலில் உடைத்தவன் நான்.

மனம் சும்மா இருக்குமா, தப்பிக்க வழி தேடியது. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்திருக்கிறார்கள். நாலு பேரைக் கூட்டாக உட்கார வைத்தார்கள், இன்னொரு நாலு பேரைத் தனித்தனியாக யோசிக்கச் சொல்லி எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினார்கள். தனித்தனியாக யோசித்தவர்களிடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஐடியா. படித்ததும் அப்பாடா என்றிருந்தது. கூட்டம் போடுவதே வேலைக்காகாது என்றால் கூட்டத்தில் நான் கேட்டது எம்மாத்திரம்? ஆனால் அந்தச் சோதனையில் கூட்டாக உட்கார்ந்தவர்களும் ஆஸ்போர்ன் விதிப்படி, குறை சொல்லாமல் பேசியவர்கள். என் கூட்டத்துக்கு அந்தச் சமாதானம்கூடக் கிடையாது.

சரி, தனித்தனியாகவே எழுதச் சொல்வோம் என்று அடுத்த மீட்டிங்கில் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தேன். பெயர் போட வேண்டாம், மடித்துப் போடுங்கள். நாலு சீட்டு பால்பாயிண்ட் பேனாவில், இங்கிலீஷில். ஒன்று மட்டும் தமிழில், பேட்டர்ன் குறிக்கிற மொட்டைப் பென்சிலில். பெயர் போட வேண்டாம் என்று நான் சொன்னதை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது. “நூல் கலர் மேச்சிங் லேட்டாகுது” என்று எழுதியிருந்தார். முட்டியும் இல்லை, எட்டிப் பார்க்கிற கலரும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. போன சீசனில் எங்களிடம் வந்த நல்ல ஐடியா காஸ்டிங்கால்தான் வந்தது. பிரிண்டுக்குக் காசு கிடையாது என்று கையை விரித்துவிட்டேன். அதே டிசைனர் பையன், உள்பக்கம் சுருள் சுருளாக நூல் தெரிகிற லூப்நிட் துணியின் அந்த உள்பக்கத்தைத் திருப்பிப் பாக்கெட்டாக வைத்தான். ஒரே துணி, ஒரே சாயம், ஆனால் கண்ணுக்கு இரண்டு துணி மாதிரி. பையருக்குப் பிடித்துப்போயிற்று. விலையைப் பற்றி நான் பேசாமல் இருந்திருந்தால் அது வந்திருக்காது. அப்படியானால் அவனுக்கு உரமாக இருந்த கேள்வி அக்காவுக்கு மட்டும் ஏன் பூட்டாக மாறியது? அவன் படித்தவன், எதிர்த்துக் கேட்பான் என்பதாலா, இல்லை அவனிடம் முன்கூட்டியே சொன்னேன், அக்காவிடம் வாய் திறந்த பிறகு கேட்டேன் என்பதாலா? இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டேன், எதிலும் நிற்க முடியவில்லை.

தீபாவளி போனஸ் கொடுத்த அன்று அக்காவின் பேரன் வந்திருந்தான். நாலு வயசிருக்கும். சாம்பல் கலர் பேண்ட், வலது முட்டியில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு மஞ்சள். அந்த மஞ்சள் எனக்குத் தெரியும், எங்கள் பழைய ஆர்டர் ஒன்றின் மஞ்சள். அவன் அதை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இந்தத் துண்டு எப்படி கேட்டைத் தாண்டி வெளியே போனது என்று. கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன் வேறு.

போன வாரம் சாம்பிள் செக்‌ஷனுக்குப் போனபோது, அந்த முட்டி ஐடியாவை ஒரு சாம்பிள் தைத்துப் பார்ப்போமா அக்கா என்று கேட்டேன். ஃபிளாட்லாக் மிஷினில் நூல் மாற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை.

“தெச்சுரலாங்க சார். காஸ்டிங் போட்டுட்டீங்களா?”

கிண்டலா, நிஜமாகவே கேட்கிறாரா என்று தெரியவில்லை. எட்டரை ரூபாய் என்று நான் சொல்லவும் இல்லை.